ஃபார்தெஸ்ட்: தொலைவின் உச்சத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு

‘ஃபார்தெஸ்ட்’ என்பது ஓர் இடத்திலிருந்து பார்க்கும்போது மற்ற எல்லாவற்றையும் விடத் தொலைவில் உள்ளதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தொலைவு என்னும் பொருள் தரும் ‘ஃபார்’ என்ற சொல்லின் உச்ச நிலை வடிவம் இது. பள்ளி இலக்கணத்தில் ‘சூப்பர்லேட்டிவ் டிகிரி’ என்று மாணவர்கள் படிப்பது இந்த நிலையைத்தான். பெயரடையாகவும் வினையடையாகவும் இச்சொல் வழங்கும். ‘ஃபர்தெஸ்ட்’ என்பது இதன் இணை வடிவம்.

அகராதியில் ஒரு வரியில் முடிந்துவிடும் பொருள்தான். ஆனால் நாடு காண் பயணங்களின் வரலாற்றில் இச்சொல் ஒரு பட்டமாகவே விளங்கியது. ‘ஃபார்தெஸ்ட் நார்த்’, ‘ஃபார்தெஸ்ட் சவுத்’ என்ற இரண்டு பட்டங்களுக்காகக் கப்பல்கள் பனியில் சிக்கின. மனிதர்கள் பட்டினியிலும் குளிரிலும் இறந்தனர். எங்கிருந்து தொலைவு, இதுவரை சென்ற யாரை விடத் தொலைவு என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால்தான் இச்சொல்லின் பொருள் முழுமையாகும். அந்த விடைகள் காலத்துக்குக் காலம் மாறிவந்ததே இச்சொல்லின் வரலாறு.

சொல் பிறந்த விதம்

ஆங்கிலத்தில் ஒப்பீட்டு நிலைக்கு ‘-அர்’ என்ற விகுதியும் உச்ச நிலைக்கு ‘-எஸ்ட்’ என்ற விகுதியும் சேர்வது பொது விதி. அவ்விதிப்படி ‘ஃபார்’ என்பது ‘ஃபாரர்’, ‘ஃபாரெஸ்ட்’ என்றுதான் ஆகியிருக்க வேண்டும். இடையில் வரும் ‘த்’ என்ற ஒலி ‘ஃபார்’ என்ற வேர்ச்சொல்லில் இல்லை. அது வேறொரு சொல்லிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய ஆங்கிலத்தில் ‘ஃபார்’ என்பதன் முன்னோடிச் சொல்லுக்கு விதிப்படியான ஒப்பீட்டு நிலையும் உச்ச நிலையும் இருந்தன. இடைக்கால ஆங்கிலத்தில் ஒலிகள் தேய்ந்தபோது, ‘தொலைவு’ என்ற சொல்லும் ‘அதைவிடத் தொலைவு’ என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலியில் வந்து நின்றன. கேட்பவருக்கு வேறுபாடு தெரியாமற் போகவே, பக்கத்தில் இருந்த இன்னொரு சொல் அந்த இடத்தை நிரப்பியது. அதுதான் ‘ஃபர்தர்’.

‘ஃபர்தர்’ என்பது தொலைவோடு பிறந்த சொல் அன்று. ‘முன்னே’, ‘முன்னோக்கி’ என்னும் பொருள் தரும் ‘ஃபோர்த்’ என்ற சொல்லின் உறவுச் சொல் அது; ‘இன்னும் முன்னே’ என்பதே அதன் பழைய பொருள். முன்னே செல்பவர் தொலைவாகவும் செல்கிறார் என்பதால் இரு பொருள்களும் ஒன்றோடொன்று கலந்தன. ‘ஃபர்தர்’ என்பதன் முதல் உயிரெழுத்து ‘ஃபார்’ என்பதன் சாயலைப் பெற்று ‘ஃபார்தர்’ என்ற வடிவம் 1300-ஆம் ஆண்டை ஒட்டித் தோன்றியது. உச்ச நிலை வடிவங்களான ‘ஃபர்தெஸ்ட்’, ‘ஃபார்தெஸ்ட்’ இரண்டும் 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்குக்கு வந்தன.

ஆக, ‘ஃபார்தெஸ்ட்’ என்ற சொல்லில் ‘தொலைவு’, ‘முன்னேறுதல்’ ஆகிய இரு பொருள்களும் கலந்தே உள்ளன. துருவப் பயணிகள் இச்சொல்லை விரும்பி எடுத்துக்கொண்டதை நினைக்கும்போது இந்தக் கலப்பு பொருத்தமாகவே தோன்றுகிறது.

ஃபார்தெஸ்ட், ஃபர்தெஸ்ட்: எது சரி?

போட்டித் தேர்வுக்குப் படிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அளக்கக்கூடிய தொலைவுக்கு ‘ஃபார்தர்’, ‘ஃபார்தெஸ்ட்’. அளவு, காலம், கருத்து போன்றவற்றில் ‘மேலும்’ என்ற பொருளுக்கு ‘ஃபர்தர்’, ‘ஃபர்தெஸ்ட்’ என்று பல இலக்கண நூல்கள் பிரித்துச் சொல்கின்றன. அமெரிக்கச் செய்தித் துறையின் நடைக் கையேடுகள் இவ்விதியை இன்றும் வலியுறுத்துகின்றன.

ஆனால் சொல் வரலாறு இவ்விதிக்கு ஆதரவாக இல்லை. இரண்டும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். பல நூற்றாண்டுகள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று தாராளமாக வழங்கிவந்தது. ஆங்கில வழக்கைப் பற்றி 1926-இல் வெளிவந்த தம் புகழ்பெற்ற நூலில் ஃபவுலர், பெரும்பாலோர் இவ்விரண்டையும் பொருள் பிரித்து ஆள்வதில்லை என்றும், ஏதேனும் ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள் என்றும் குறிப்பிட்டார். இன்று பிரிட்டனில் தொலைவுக்கும் ‘ஃபர்தெஸ்ட்’ என்றே எழுதுவது இயல்பு. அமெரிக்காவில் தொலைவுக்கு ‘ஃபார்தெஸ்ட்’ மிகுதி.

மாணவர்கள் நினைவில் வைக்க வேண்டியவை மூன்று. முதலாவது, தொலைவைச் சொல்லும்போது இரண்டு வடிவங்களில் எதை எழுதினாலும் பிழையில்லை. இரண்டாவது, ‘இனிமேலும்’, ‘கூடுதலான’ என்ற பொருளில் ‘ஃபர்தர்’ மட்டுமே இயல்பானது. கூடுதல் விவரம், மேல் படிப்பு ஆகியவற்றுக்கு ‘ஃபார்தர்’ பொருந்தாது. மூன்றாவது, ஒன்றை வளர்த்தல், முன்னெடுத்தல் என்ற வினைச்சொல்லாக வருவதும் ‘ஃபர்தர்’ மட்டுமே. ‘முன்னே’ என்ற அதன் பழைய பொருள் இங்கே அப்படியே தங்கியிருக்கிறது.

எங்கிருந்து தொலைவு?

‘பெரியது’, ‘கனமானது’ போன்ற சொற்களின் உச்ச நிலையைச் சொல்ல, ஒப்பிடப்படும் பொருள்கள் மட்டும் இருந்தால் போதும். ‘தொலைவானது’ என்பதற்கு அளக்கத் தொடங்கும் இடமும் வேண்டும். அந்த இடம் மாறினால் விடையும் மாறும்.

இதற்கு நல்ல சான்று ஈக்வடார் நாட்டிலுள்ள சிம்போராசோ மலை. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 6,263 மீட்டர். எவரெஸ்டின் உயரமோ 8,848.86 மீட்டர். ஆனால் புவி முழு உருண்டை இல்லை. நடுக்கோட்டுப் பகுதியில் அது சற்றுப் பருத்திருக்கிறது. நடுக்கோட்டில் அதன் ஆரம் துருவத்தில் உள்ளதை விடச் சுமார் 21 கி.மீ. அதிகம். நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால், சிம்போராசோவின் உச்சி புவியின் மையத்திலிருந்து சுமார் 6,384 கி.மீ. தொலைவில் உள்ளது. எவரெஸ்டின் உச்சியை விட இது ஏறக்குறைய 2 கி.மீ. கூடுதல். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட் முதலிடம். புவி மையத்திலிருந்து அளந்தால் சிம்போராசோ முதலிடம். இரண்டு கூற்றுகளும் சரியே.

மலைகளுக்கு இது வெறும் கணக்கு. மனிதர் வாழும் நிலங்களுக்கு வரும்போது, அளக்கத் தொடங்கும் இடத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்வியும் சேர்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷேக்ஸ்பியர் எழுதிய ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில், தேவதை அரசி டைட்டானியா தன் கணவனைப் பார்த்து ஏன் இங்கு வந்தாய் என்று கேட்கும்போது, அவன் வந்த இடமாக இந்தியாவின் கடைக்கோடி மலைச்சரிவைச் சொல்கிறாள். அங்கே வருவது ‘ஃபார்தெஸ்ட்’ என்ற சொல்தான். லண்டன் நாடக அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு இந்தியா உலகின் ஓரம். இந்தியாவில் இருந்தவர்களுக்கு லண்டன்தான் ஓரம்.

தூலே: உலகின் கடைசி நிலம்

இச்சொல்லுக்கு முன்பே இக்கருத்து ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இன்றைய பிரான்சின் மார்செய் நகரில் இருந்த கிரேக்கக் குடியேற்றத்தைச் சேர்ந்த பித்தியாஸ் என்ற மாலுமி வடக்கு நோக்கிப் பயணம் செய்தார். பிரிட்டனுக்கு வடக்கே ஆறு நாள் கடல் பயணத் தொலைவில் ‘தூலே’ என்ற நிலம் இருப்பதாக அவர் எழுதினார். அவருடைய நூல் கிடைக்கவில்லை. பிற்கால ஆசிரியர்கள் எடுத்தாண்ட பகுதிகள் வழியாகவே அதை அறிகிறோம். தூலே என்பது நார்வேயா, ஐஸ்லாந்தா, ஷெட்லாந்துத் தீவுகளா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இந்த நிலத்தை ‘உல்ட்டிமா தூலே’ என்று அழைத்தார். ‘உல்ட்டிமா’ என்பது இலத்தீனில் ‘அப்பால்’ என்ற பொருளுடைய சொல்லின் உச்ச நிலை வடிவம்; ஆங்கிலத்தின் ‘அல்டிமேட்’ அதிலிருந்து வந்தது. அன்று முதல் ‘உல்ட்டிமா தூலே’ என்றால் அறியப்பட்ட உலகின் கடைசி எல்லை என்று பொருளாயிற்று. சுவீடனைச் சேர்ந்த வேதியியலாளர் கிளீவ் 1879-இல் கண்டறிந்த ஒரு தனிமத்துக்கு ‘தூலியம்’ என்று பெயரிட்டதும் இதன் நினைவாகவே.

1910-இல் டென்மார்க்கின் கினுட் ராஸ்முசன் வடமேற்குக் கிரீன்லாந்தில் ஒரு வணிக நிலையம் அமைத்து அதற்குத் ‘தூலே’ என்று பெயரிட்டார். அங்கே வாழ்ந்த இனுகுவிட் மக்களுக்கு அது எந்த எல்லையும் அன்று. தலைமுறைகளாக வேட்டையாடி வாழ்ந்த சொந்த நிலம். குளிர்ப்போர்க் காலத்தில் அமெரிக்கா அங்கே பெரிய விமானத் தளம் ஒன்றைக் கட்டியது. 1953-இல் அம்மக்கள் அவ்விடத்தை விட்டு அகற்றப்பட்டு, வடக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள கானாக் என்ற இடத்தில் குடியேற்றப்பட்டனர். 1999-இல் டென்மார்க் நீதிமன்றம் அவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அரசும் மன்னிப்புக் கேட்டது. தூலே என்று வழங்கிய அத்தளம் 2023-இல் ‘பிட்டுஃபிக்’ என்ற உள்ளூர்ப் பெயரைப் பெற்றது. நாய்களைக் கட்டிவைக்கும் இடம் என்பது அதன் பொருள். வெளியிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயரில் அந்த இடம் உலகின் முடிவு. அங்கேயே இருந்தவர்களின் பெயரில் அது அன்றாட வேலை நடக்கும் இடம்.

ஃபார்தெஸ்ட் நார்த்

துருவப் பயணிகளின் சாதனை அட்சரேகையால் அளக்கப்பட்டது. நடுக்கோடு 0 பாகை, துருவம் 90 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலை ஒரு கடல் மைல். அதாவது ஏறக்குறைய 1.85 கி.மீ. முன்பு சென்றவரை விட ஒரு கலை கூடுதலாகச் சென்றாலும் ‘ஃபார்தெஸ்ட்’ என்ற பட்டம் கைமாறிவிடும்.

1827-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி வில்லியம் எட்வர்ட் பாரி, பனியில் இழுத்துச் செல்லத்தக்க படகுகளோடு ஸ்பிட்ஸ்பர்கனிலிருந்து வடக்கே சென்றார். அவர் குழுவினர் கடலில் மிதக்கும் பனிப்பாளங்களின் மேல் வடக்கு நோக்கி நடந்துகொண்டிருக்க, அந்தப் பனிப்பாளங்களோ தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. உடல் சோர நடந்த பின்பும் இருந்த இடத்தை விட்டு அதிகம் நகரவில்லை என்பதைக் கணக்கிட்டு அறிந்ததும் பாரி திரும்பினார். அவர் எட்டியது 82 பாகை 45 கலை. அந்த எண்ணை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் யாரும் கடக்கவில்லை.

1876-இல் ஆல்பர்ட் மார்க்கம் தலைமையில் சென்ற பிரிட்டிஷ் குழு 83 பாகை 20 கலையைத் தொட்டது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய் அக்குழுவினரை முடக்கியது; நடக்க முடியாதவர்களை மற்றவர்கள் சறுக்குவண்டியில் இழுத்துவர வேண்டியிருந்தது.

அடுத்து வந்தது அமெரிக்காவின் அடால்பஸ் கிரீலி தலைமையிலான பயணம். முதல் பன்னாட்டுத் துருவ ஆண்டை ஒட்டி வானிலை, காந்தப் புலம் முதலியவற்றை அளப்பதற்காக 1881-இல் 25 பேர் கொண்ட குழு எல்ஸ்மியர் தீவுக்குச் சென்றது. 1882 மே மாதத்தில் அக்குழுவின் லாக்வுட், பிரெய்னார்ட் ஆகியோரும் கிரீன்லாந்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் கிறிஸ்டியான்சனும் நாய் வண்டியில் சென்று 83 பாகை 24 கலையை அடைந்தனர். மார்க்கம் எட்டியதை விட ஏறக்குறைய 4 கலை அதிகம். அதாவது சுமார் 7 கி.மீ. இந்த 7 கி.மீ. ‘ஃபார்தெஸ்ட் நார்த்’ பட்டத்தைப் பிரிட்டனிடமிருந்து அமெரிக்காவுக்கு மாற்றியது.

ஆனால் அவர்களை அழைத்துவர வேண்டிய கப்பல் 1882-இல் பனியைத் தாண்டி வர முடியாமல் திரும்பியது. 1883-இல் வந்த கப்பல் பனியில் நசுங்கி மூழ்கியது. தெற்கே இறங்கி கேப் சபைனில் முகாமிட்ட குழு குளிர்காலம் முழுதும் பட்டினி கிடந்தது. 1884 ஜூன் மாதம் மீட்புக் கப்பல் வந்து சேர்ந்தபோது ஏழு பேரே உயிரோடு இருந்தனர். அவர்களில் ஒருவர் விரைவில் இறந்தார். லாக்வுட்டும் கிறிஸ்டியான்சனும் மீளவில்லை. பிரெய்னார்ட் உயிர் பிழைத்து 1946 வரை வாழ்ந்தார். குழு மேற்கொண்ட அறிவியல் அளவீடுகள் பத்திரமாக வந்து சேர்ந்து, வடதுருவப் பகுதியின் காலநிலையை ஆராய்வோருக்குப் பின்னாளில் பயன்பட்டன. அன்றைய மக்கள் நினைவில் நின்றவையோ 83 பாகை 24 கலை என்ற எண்ணும் இறந்தவர்களின் எண்ணிக்கையும்தான்.

நார்வேயைச் சேர்ந்த நான்சென் வேறு வழியில் சிந்தித்தார். பனியின் நகர்வை எதிர்த்துப் போராடுவதற்குப் பதிலாக, நசுங்காத வடிவில் ‘ஃபிராம்’ என்ற கப்பலைக் கட்டி, 1893-இல் அதைப் பனியில் உறையவிட்டு, பனியோடு சேர்ந்து மிதந்தார். கப்பல் துருவத்தின் அருகே செல்லாது என்று தெரிந்ததும், 1895 மார்ச் மாதம் யோஹான்சென் என்பவரோடு நாய் வண்டிகளில் வடக்கே புறப்பட்டார். ஏப்ரல் மாதம் 86 பாகை 14 கலையில் பனிமேடுகள் வழி மறிக்கத் திரும்பினார். இருவரும் ஃபிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தில், வால்ரஸ் தோலால் கூரை வேய்ந்த கற்குடிலில் ஒரு குளிர்காலத்தைக் கழித்து, 1896-இல் நாடு திரும்பினர். அவர் குழுவில் ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இப்பயணம் பற்றி நான்சென் எழுதிய நூலின் ஆங்கிலப் பதிப்பு 1897-இல் ‘ஃபார்தெஸ்ட் நார்த்’ என்ற பெயரில் வெளிவந்தது. நார்வே மொழியில் அதன் பெயர் ‘ஃபிராம் துருவக் கடலுக்குக் குறுக்கே’ என்னும் பொருளுடையது. ‘ஃபிராம்’ என்றால் ‘முன்னே’. மூல நூலின் பெயரில் உச்ச நிலைச் சொல்லே இல்லை. ஆங்கில வாசகருக்கு நூலை அறிமுகம் செய்ய, அவர்கள் நன்கு அறிந்த பட்டமே தலைப்பாயிற்று.

நான்செனின் எண்ணும் நிலைக்கவில்லை. 1900 ஏப்ரலில் இத்தாலியின் உம்பெர்த்தோ காக்னி 86 பாகை 34 கலையை எட்டினார். கூடுதலாகச் சென்றது 20 கலை, அதாவது சுமார் 37 கி.மீ. அப்பயணத்தில் துணைக்குழுவைச் சேர்ந்த மூவர் திரும்பி வரவேயில்லை. 1909-இல் வடதுருவத்தை அடைந்ததாக அமெரிக்காவின் ராபர்ட் பியரி அறிவித்தது இன்றும் சர்ச்சைக்குரியது.

ஃபார்தெஸ்ட் சவுத்

தெற்கில் இவ்வரலாறு கேப்டன் ஜேம்ஸ் குக்கிலிருந்து தொடங்குகிறது. 1774 ஜனவரி 30 அன்று அவருடைய கப்பல் 71 பாகை 10 கலை தெற்கை அடைந்து, பனிச்சுவரின் முன் நின்றது. தமக்கு முன் எவரும் சென்றதை விட மட்டுமன்றி, மனிதர் செல்ல இயலும் எல்லை வரை செல்ல வேண்டும் என்பதே தம் ஆசை என்ற கருத்தை அவர் தம் குறிப்பில் எழுதினார். இதில் இரண்டு எல்லைகள் பேசப்படுகின்றன. ஒன்று முன்னோர் எட்டிய எல்லை. மற்றொன்று மனிதரால் முடிந்த எல்லை. முதலாவதை எண்ணால் சொல்லலாம். இரண்டாவதை அடுத்தவர் வந்து உடைக்கும் வரை மட்டுமே நம்பலாம்.

1823 பிப்ரவரியில் கடல்நாய் (சீல்) வேட்டைக் கப்பல் தலைவர் ஜேம்ஸ் வெட்டெல் 74 பாகை 15 கலை வரை சென்றார். அந்தக் கடல் இன்று அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. 1842-இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 78 பாகை 10 கலையை நெருங்கினார். அதன் பிறகு 58 ஆண்டுகள் அந்த எண் அப்படியே இருந்தது. 1900-இல் போர்ச்கிரெவிங்க் 78 பாகை 50 கலையைத் தொட்டார். 1902 டிசம்பரில் ஸ்காட், வில்சன், ஷாக்கிள்டன் ஆகிய மூவரும் 82 பாகையைத் தாண்டினர். ஷாக்கிள்டன் நோயுற்றுத் திரும்பினார்.

அதே ஷாக்கிள்டன் தம் சொந்தக் குழுவோடு மீண்டும் வந்தார். 1909 ஜனவரி 9 அன்று அவரும் ஆடம்ஸ், மார்ஷல், வைல்டு ஆகிய மூவரும் 88 பாகை 23 கலையில் நின்றார்கள். தென்துருவத்துக்கு இன்னும் 97 கடல் மைல், அதாவது சுமார் 180 கி.மீ. மட்டுமே இருந்தது. முயன்றால் துருவத்தை அடைந்திருக்கக்கூடும். ஆனால் திரும்பி வருவதற்கு உணவு இருந்திராது. கொடியை நட்டுவிட்டுத் திரும்பினார்கள். நால்வரும் உயிரோடு வந்து சேர்ந்தனர். செத்த சிங்கத்தை விட உயிருள்ள கழுதை மேல் அல்லவா என்னும் பொருளில் அவர் பின்னர் தம் மனைவியிடம் சொன்னதாகக் கூறுவர்.

1911 டிசம்பரில் துருவத்தை நோக்கிச் சென்ற நார்வேயின் அமுண்ட்சென், ஷாக்கிள்டன் திரும்பிய அட்சரேகையைக் கடந்ததும் கொடியேற்றி, அவர் குழுவின் துணிவைப் பாராட்டி எழுதினார். டிசம்பர் 14 அன்று அமுண்ட்சென் குழுவினர் ஐவரும் தென்துருவத்தை அடைந்தனர். 1912 ஜனவரி 17 அன்று அங்கு வந்த ஸ்காட்டும் அவருடைய நான்கு தோழர்களும் திரும்பும் வழியில் இறந்தனர்.

அத்துடன் ‘ஃபார்தெஸ்ட் சவுத்’ என்ற பட்டமும் முடிந்தது. 90 பாகைக்கு அப்பால் தெற்கு என்ற திசையே இல்லை. அங்கிருந்து எந்தப் பக்கம் அடி வைத்தாலும் அது வடக்குதான்.

இந்தப் பட்டியலைத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. துருவத்தை அடைந்த கடைசிப் பயணத்தைத் தவிர, இதிலுள்ள ஒவ்வொரு எண்ணும் யாரோ ஒருவர் திரும்ப முடிவெடுத்த இடத்தின் எண். பாரி, நான்சென், ஷாக்கிள்டன் ஆகியோர் நடந்த தொலைவை விட, அவர்கள் எந்த இடத்தில் நின்று திரும்பினார்கள் என்பதே அவர்களோடு சென்றவர்களின் உயிரைக் காத்தது. ‘ஃபார்தெஸ்ட்’ என்ற சொல் அந்த முடிவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

விண்வெளியில்

20-ஆம் நூற்றாண்டில் அளக்கத் தொடங்கும் இடம் புவியாகவே மாறியது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 விண்கலத்தில் சென்ற லவெல், ஸ்விகெர்ட், ஹெய்ஸ் ஆகிய மூவரும் புவியிலிருந்து 4,00,171 கி.மீ. தொலைவு வரை சென்றனர். அதுவரை மனிதர் யாரும் அவ்வளவு தொலைவு சென்றதில்லை. அந்த எண் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் நிலைத்தது. அவர்கள் இதை நாடிப் போகவில்லை. பிராணவாயுக் கலன் வெடித்ததால் நிலவில் இறங்கும் திட்டம் கைவிடப்பட்டது. நிலவைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பும் பாதையில் கலம் திருப்பப்பட்டபோது, நிலவின் மறுபக்கத்துக்கு அப்பால் அந்தத் தொலைவு அமைந்தது.

மனிதர் செய்த பொருள்களில், 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 கலம் 1998 பிப்ரவரி 17 அன்று பயனியர் 10 கலத்தைத் தாண்டி முதலிடம் பெற்றது. அது நாள்தோறும் மேலும் விலகிச் செல்வதால், அதன் தொலைவைச் சொல்லும் எந்த எண்ணும் அச்சேறும்போதே பழையதாகிவிடும்.

தூலேயும் விண்வெளிக்குச் சென்றது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2019 ஜனவரி 1 அன்று, புளூட்டோவுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு பொருளை நெருங்கிப் படம் எடுத்தது. ஒரு விண்கலம் அருகே சென்று ஆராய்ந்த பொருள்களில் அதுவரை மிகத் தொலைவில் இருந்தது அதுவே. அறிவியலாளர்கள் அதற்கு இட்ட செல்லப்பெயர் ‘உல்ட்டிமா தூலே’. ஜெர்மனியில் நாஜிக் கொள்கையினர் தூலே என்ற பெயரை இனவாதக் கற்பனைக்குப் பயன்படுத்தியது பலரால் சுட்டிக்காட்டப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அப்பொருளுக்கு அமெரிக்கப் பழங்குடி மொழி ஒன்றிலிருந்து, ‘வானம்’ என்று பொருள்படும் ‘அரோகோத்’ என்ற பெயர் முறைப்படி வைக்கப்பட்டது.

தமிழில் சொல்லும்போது

தமிழில் பெயரடைக்கு உச்ச நிலை விகுதி கிடையாது. ‘ஃபார்தெஸ்ட்’ என்பதை ‘மிகத் தொலைவான’ என்று மொழிபெயர்ப்பது வழக்கம். இதில் ஒரு குறை உண்டு. ‘மிகத் தொலைவான ஊர்’ என்றால் வெகு தொலைவிலுள்ள ஓர் ஊர் என்றும் பொருள் கொள்ளலாம்; எல்லா ஊர்களையும் விடத் தொலைவிலுள்ள ஊர் என்றும் கொள்ளலாம். ஆங்கில மூலம் சொல்வது இரண்டாவதை மட்டுமே.

‘எல்லாவற்றையும் விடத் தொலைவான’, ‘இருப்பவற்றிலேயே தொலைவான’ என்று எழுதினால் பொருள் தெளிவாகும். எல்லைப் பகுதியைக் குறிக்கும்போது ‘கடைக்கோடி’ என்ற சொல் நன்கு பொருந்தும். பயணச் சாதனைகளைச் சொல்லும்போது, ‘அதுவரை சென்றவர்களிலேயே தெற்கே அதிகத் தொலைவு சென்றவர்’ என்று எழுதுவதே சரியான பொருளைத் தரும். இத்தொடர் நீளமானதுதான். ஆனால் ஆங்கிலச் சொல் உள்ளே மறைத்து வைத்திருக்கும் ‘அதுவரை’ என்பதையும் ‘யாரோடு ஒப்பிட்டு’ என்பதையும் தமிழ்த்தொடர் வெளியே எடுத்துச் சொல்லிவிடுகிறது. அளக்கத் தொடங்கிய இடத்தையும் உடன் எழுதிவிட்டால் படிப்பவருக்கு ஐயம் எழ வழியில்லை.